மெர்போக் ஆற்றில் கொடுவா: தூண்டிலில் தனக்கென ஒரு வழி

கொடுவா ஆற்றுமுகத்தின் மீன். மலேசியத் தமிழர்கள் அதைச் சியாக்காப் என்றே சொல்லிப் பழகியவர்கள். உலகச் சந்தையில் அது ஆசியக் கடல் பாஸ், ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி. கெடா மாநிலத்தில் ஜெராய் மலைக்குத் தெற்கே ஓடி, தஞ்சோங் டாவாய்க்கும் பந்தாய் மெர்டேக்காவுக்கும் நடுவே மலாக்கா நீரிணையில் கலக்கும் மெர்போக் ஆறு இந்த மீனுக்கு வாய்த்த இடம். இரு கரையிலும் அலையாத்திக் காடு. அதற்குள் கிளை கிளையாகப் பிரியும் ஓடைகள். நாளுக்கு இருமுறை ஏறி வற்றும் உப்பு நீர். சுங்கை பட்டாணி, பீடோங், செமிலிங், மெர்போக் வட்டாரத்துத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் இருந்து தூண்டிலோடு கிளம்புகிறவர்களுக்கு எட்டும் தூரத்தில் இப்படி ஓர் ஆறு இருப்பது பெரிய கொடை.

தூண்டில் மீன்பிடிப்பில் கைதேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு தனி வழி உண்டு. ஒருவர் ஓடைமுகம் விட்டு நகரமாட்டார்; இன்னொருவர் இரவில் பாலத்தடியில்தான் போடுவார். அந்த வழி விலையுயர்ந்த கோலோடு சேர்ந்து வருவதில்லை. ஒரே ஆற்றை, ஒரே மீனை, ஒரே முறையைத் தொடர்ந்து கவனிப்பதால் வருகிறது. கொடுவாத் தூண்டிலை ரசிக்கக் கற்பதற்கும் அதுவே பாதை.

மீனின் குணம்

கொடுவாவின் அறிவியல் பெயர் லேட்டஸ் கால்காரிஃபர். 1790இல் ஜெர்மானிய மீனியலாளர் பிளாக் இதை விவரித்தார். இது முட்டையிடுவது உப்பு மிகுந்த முகத்துவாரப் பகுதியில். குஞ்சுகள் ஏற்ற நீரோடு அலையாத்தி ஓடைகளுக்குள் வந்து, அங்கே இறாலும் சிறு மீனும் தின்று வளர்கின்றன. சில நன்னீர் வரை ஏறிச் செல்லும். முதிர்ந்த பிறகு இனம்பெருக்க மறுபடியும் கீழே இறங்கும். பெரும்பாலான கொடுவாக்கள் முதலில் ஆணாக முதிர்கின்றன. சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறுகின்றன. ஆகவே ஆற்றில் மாட்டும் மிகப் பெரிய மீன்கள் அனேகமாகப் பெண் மீன்கள்.

உடலமைப்பே அதன் வேட்டை முறையைச் சொல்லிவிடும். மேல்தாடை கண்ணையும் தாண்டிப் பின்னால் போகிறது. வாய் அவ்வளவு பெரிது. வால் அகன்று வட்டமானது. நெடுந்தூரம் துரத்துவதற்கு உதவாது, நின்ற இடத்திலிருந்து ஒரே பாய்ச்சலில் பாய உதவும். கொடுவா மறைவில் நிற்கும். இரை அருகில் வந்ததும் வாயைத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சும். மேற்பரப்பில் அப்படி உறிஞ்சும்போது கனத்த ‘டப்’ ஒலி ஒன்று எழும். இரவில் விளக்கடித்தால் அதன் கண் செந்நிறமாக ஒளிரும். மங்கிய வெளிச்சத்தில் வேட்டையாடத் தோதான கண் அது. விடியலிலும் அந்தியிலும் கலங்கல் நீரிலும் கொடுவா துணிவோடு இரையெடுப்பது இதனால்தான்.

அமெரிக்க ஏரிகளின் பெரியவாய் பாஸ் வேறு குடும்பத்து மீன் என்றாலும் குணத்தில் இதற்கு நெருக்கம்: மறைவில் பதுங்கும், பக்கத்தில் வருவதைப் பாய்ந்து பிடிக்கும். அதைப் பிடிக்கும் கலையைப் பற்றி ஜேம்ஸ் ஹென்ஷால் 1881இலேயே ஒரு முழு நூல் எழுதினார். அன்றுமுதல் அங்கே சேர்ந்திருக்கும் அறிவில் பாதி மெர்போக்குக்கும் பொருந்தும்: மறைவு எங்கே, நிழல் எங்கே என்று தேடுவது. மறு பாதி பொருந்தாது, ஏனென்றால் ஏரியில் ஓதம் இல்லை. ஏரியில் ஒரு மரக்கட்டை காலையிலும் மாலையிலும் மறைவுதான். மெர்போக்கில் அதே கட்டை காலையில் நீருக்கடியில், மதியம் சேற்றின் மேல். கடன் வாங்கிய முறை தடுமாறுவது இங்கேதான்.

ஆற்றைப் பார்ப்பது

புதிதாக வருகிறவர் நடு ஆற்றில் எறிவார். கொடுவா நடு ஆற்றில் நிற்பது குறைவு. பக்காவ் மரங்களின் கவை வேர்கள், நிப்பா மட்டைகள் நீரில் தோயும் விளிம்பு, விழுந்து கிடக்கும் மரம், படகுத்துறை மரத்தூண், பாலத்தின் கால், ஓடை ஆற்றோடு சேரும் முனை, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு அடித்தரை சரியும் இடம் ஆகியவையே அதன் வீடுகள். மெர்போக் ஆற்றின் மீன் வளர்ப்பு மிதவைக் கூண்டுகளைச் சுற்றியும் சிந்தும் தீவனத்துக்காகச் சிறு மீன் கூடும்; அதைத் தேடிப் பெரிய மீன் வரும். கூண்டுக்காரர் அனுமதி இல்லாமல் அங்கே தூண்டில் போடுவது முறையல்ல.

ஒரு சிற்றோடையின் வாயை வற்றும் நேரத்தில் முழுதாக உட்கார்ந்து பார்ப்பது நல்ல பாடம். முதலில் நீர் வேர்களுக்கு மேலே நிற்கிறது, எதுவும் தெரிவதில்லை. பிறகு வேர்களில் ஈரக்கோடு தெரியத் தொடங்குகிறது. சேறு தலைகாட்டியதும் ஓடைக்குள் இருந்த இறாலும் மடவைக் குஞ்சும் இருக்க இடமின்றி வெளியே வருகின்றன. ஓடையின் கலங்கல் நீரும் ஆற்றின் தெளிந்த நீரும் சேரும் இடத்தில் நிறக்கோடு ஒன்று விழுகிறது. அந்தக் கோட்டை ஒட்டி இறால்கள் திடீரென நீருக்கு மேல் தெறித்தால், கீழே ஏதோ துரத்துகிறது என்று பொருள். இரையை அந்தக் கோட்டுக்கு மேற்புறம் போட்டு, நீரோட்டமே அதை வாசலுக்குக் கொண்டுபோகும்படி விடவேண்டும். ஏற்றம் முழுதாக நிறைந்த நேரத்தில் மீன் வேர்க்காட்டுக்குள் பரவிவிடும்; அங்கே தூண்டில் எட்டாது.

ஓதத்தின் கணக்கு

ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆறே கால் மணி நேரம். நாளுக்கு நாள் அந்த நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் வற்றமும் மிகுதி. நீர் வேகமாக ஓடும், கலங்கும். அஷ்டமியை ஒட்டிய நாள்களில் ஓட்டம் தளர்ந்து நீர் சற்றுத் தெளியும். வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டி இந்த அளவுக்கு வழிகாட்டப் போதும். மணிக்கணக்குக்கு ஓத அட்டவணை வேண்டும். அந்த அட்டவணை பொதுவாகக் கடற்கரை இடங்களுக்கானது. தஞ்சோங் டாவாயில் திரும்பும் நீர், உள்ளே தள்ளியிருக்கும் செமிலிங்கில் திரும்பச் சற்று நேரமாகும். அந்தத் தாமதம் எவ்வளவு என்பதைத் தான் போடும் இடத்திலேயே நின்று அளந்து வைத்துக்கொள்வது தன் வழியின் முதல் சொத்து.

மழையும் கணக்கில் சேரும். பலத்த மழைக்குப் பின் செந்நிற நன்னீர் மேலே பரவும். கனத்த உப்பு நீர் அடியில் நிற்கும். அப்போது மேலே மிதக்கவிட்ட இரையைவிட ஆழத்தில் விட்ட இரைக்கே வாய்ப்பு அதிகம். மழை நீடித்தால் முகத்துவாரம் நோக்கி நகர்ந்து பார்ப்பது நல்லது.

முறையும் கருவியும்

மெர்போக்கில் மூன்று முறைகள் வழக்கம். ஈயக்குண்டு கட்டி அடியில் இரை போட்டுக் காத்திருப்பது முதலாவது. பொறுமைசாலிக்கும் இரவில் போடுகிறவருக்கும் ஏற்றது. ஜெனாஹாக், செம்பிலாங் போன்ற மீன்களும் இதில் மாட்டும். செம்பிலாங்கின் முள் நஞ்சுள்ளது. வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. உயிர் இறாலை மிதவைக்குக் கீழே தொங்கவிட்டு நீரோட்டத்தில் போகவிடுவது இரண்டாவது. ஓட்டத்தைக் கண்ணால் பார்க்கக் கற்றுத்தருவது இதுவே. போலி இரையை எறிந்து இழுப்பது மூன்றாவது. ஓரிடத்தில் உட்காரமுடியாதவருக்கு உகந்தது, எறியும் துல்லியத்தைக் கேட்பது. கொடுவா மறைவிலிருந்து அதிக தூரம் வெளியே வராது; வேரிலிருந்து இரண்டு முழம் தள்ளி விழுந்த எறிதல் பெரும்பாலும் வீண்.

தன் சுபாவத்துக்குப் பொருந்தும் ஒன்றைத் தேர்ந்து சில மாதங்கள் அதிலேயே நிற்பது நல்லது. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து பார்க்கிறவருக்கு எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று தெரியாமலே போகும்.

கருவி எளிதாக இருக்கலாம். ஆறு அல்லது ஏழடிக் கோல், நூல் சுற்றும் நடுத்தர அளவு மெஷின், 20 முதல் 30 பவுண்டு பின்னல் நூல் போதும். நுனியில் 30 அல்லது 40 பவுண்டு தங்கூசி நரம்பு ஒரு முழமாவது கட்டாயம் வேண்டும்: கொடுவாவின் செவுள் மூடி விளிம்பு கூரியது, வேர்களில் ஒட்டிய சிப்பிகள் அதைவிடக் கூரியவை. உயிர் இறாலை முள்ளில் கோப்பதிலும் நுணுக்கம் உண்டு. தலையின் கொம்புக்கு அடியில், உள்ளே தெரியும் கரும்புள்ளியைத் தொடாமல், முள்ளை மேலோட்டமாக ஏற்றவேண்டும். புள்ளியில் குத்தினால் இறால் உடனே செத்துவிடும். சரியாகக் கோத்த இறால் நெடுநேரம் நீந்தும். நீந்தும் இறாலைத்தான் கொடுவா விரும்பும்.

கருவியின் விலை மீனின் அளவைத் தீர்மானிப்பதில்லை. 1932 ஜூன் 2ஆம் நாள் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி பிடித்த பெரியவாய் பாஸின் எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ், ஏறத்தாழ 10 கிலோ. அன்று அவரும் நண்பரும் ஒரே கோலைப் பகிர்ந்துகொண்டதாகச் சொல்வார்கள். அந்தச் சாதனைக்கு இணையான மீன் 2009இல்தான் ஜப்பானின் பிவா ஏரியில் கிடைத்தது.

பழகும் இடமும் குறிப்பேடும்

ஆற்றுக்கு முன் கட்டணக் குளங்களில் பழகலாம். மலேசியாவில் பரவலாக உள்ள இக்குளங்களில் வளர்ப்புச் சியாக்காப் விடப்படுகிறது. எறியவும், கடியை உணரவும், மீனைக் களைக்க வைக்கவும் அங்கே கை பழகும். ஓதம் மட்டும் அங்கே பழகாது. தோட்டக் கால்வாய்களிலும் குட்டைகளிலும் உள்ள விராலும் பதுங்கிப் பாயும் மீனே. புல்லோரத்தில் போலித் தவளையை விட்டு இழுத்துப் பழகியவர் நிப்பா ஓரத்தில் தடுமாறமாட்டார்.

ஆற்றுக்கு வந்தபின் ஒரு சிறு குறிப்பேடு கோலுக்கு அடுத்த முக்கியப் பொருள். நாள், திதி, நீர் ஏறுகிறதா வற்றுகிறதா, எவ்வளவு நேரமாக, நீரின் நிறம், மழை, இடம், இரை, ஆழம், கடித்த நேரம் ஆகியவற்றை எழுதவேண்டும். மீன் கிடைக்காத நாளையும் விடாமல் எழுதவேண்டும். மீன் நிற்காத நேரமும் இடமும் அந்த நாள்களால்தான் தெரியவரும். மாற்றம் செய்யும்போது ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றவேண்டும்: இடம் மாறினால் இரை மாறக்கூடாது, இரை மாறினால் இடம் மாறக்கூடாது. ஒரு வறட்சிக் காலமும் ஒரு மழைக்காலமும் எழுதிய குறிப்பேட்டில் அந்த ஆற்றுக்கே உரிய ஒழுங்கு தெளியத் தொடங்கும். எழுதியவரின் வழியும் அதோடு தெளியும்.

கடியும் போராட்டமும்

ஒவ்வொரு மீனின் கடியும் வேறு. சிறு மீன்கள் இரையைக் கொத்திக் கொத்திப் பார்க்கும், கோல்நுனி நடுங்கும். கொடுவாவின் கடியில் நடுக்கம் இல்லை. ஒரே உறிஞ்சல், உடனே கனம். மாட்டியதும் அது மேலே வந்து வாய் திறந்து செவுளை விரித்துத் தலையை உதறும். முள் கழன்று போவது அப்போதுதான். கோலைத் தாழ்த்தி, நூல் தளராமல் பார்த்துக்கொண்டால் பாய்ச்சல் குறையும். அலையாத்தி ஓடைகளில் கிடைக்கும் சியாக்காப் மேரா பெயர் ஒத்தாலும் வேறு மீன்; அது துள்ளுவதில்லை. கடித்த நொடியிலேயே வேரை நோக்கி ஓடும், முதல் இழுப்பில் நிறுத்தாவிட்டால் நூல் அறுந்துவிடும். ஜெனாஹாக் கீழ்நோக்கிக் குத்திக் குத்தி இழுக்கும். கையிலுள்ள நூலை வைத்தே கீழே இருப்பது எது என்று சொல்லத் தெரிந்த நாளில் ரசனை முழுமையடைகிறது.

பாதுகாப்பைத் தள்ளிப்போட முடியாது. படகில் மிதவைச் சட்டை அவசியம். வற்றும் ஓடைக்குள் நெடுந்தூரம் போனால் அடுத்த ஏற்றம் வரை சேற்றில் சிக்கவேண்டிவரும். கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். இடி கேட்டதுமே கோலைக் கீழே வைத்துக் கரையேறிவிட வேண்டும்.

எடுப்பதும் விடுவதும்

வீட்டுக் குழம்புக்கு ஒரு கிலோ அளவுள்ள மீன் போதும். புளியும் வெண்டைக்காயும் சேர்ந்த கறிக்கு அதன் சதை மென்மையாக இருக்கும். பெரிய கொடுவா அனேகமாகப் பெண் மீன். ஒரு பருவத்தில் இலட்சக்கணக்கான முட்டைகள் இடக்கூடியது. அதை நனைத்த கையால், வாயில் மட்டும் தொங்கவிடாமல் வயிற்றையும் தாங்கிப் பிடித்து, நீரோட்டத்துக்கு எதிரே தலை வைத்து, தானாக வால் அசைக்கும்வரை காத்திருந்து விடவேண்டும். அறுந்த நூலைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துவருவதும் இதோடு சேர்ந்த கடமை. வேரில் சிக்கிய நூல் பறவைக்கும் ஆமைக்கும் கண்ணி. வெடி, நஞ்சு, மின்சாரம் கொண்டு மீன் பிடிப்பதை மலேசியாவின் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடைசெய்கிறது. அப்படிப் பிடிப்பவர்களைக் கண்டால் மீன்வளத் துறைக்குத் தெரிவிப்பது ஆற்றை நம்பும் ஒவ்வொருவரின் பொறுப்பு. அலையாத்தி இருக்கும்வரைதான் மெர்போக்கில் கொடுவா இருக்கும். ஆகவே மெர்போக்கில் தூண்டில் போடுகிற ஒவ்வொருவரும் அந்தக் காட்டின் காவலராகவும் இருக்கவேண்டும்.