ஜான் ஆபிரகாமின் திரைக்கலை: பொருள்வழியும் வடிவும்

கலைப்படைப்பை ஆராய்வோர் அதன் கருத்தையும் வடிவையும் நோக்குவர். அதற்குச் செலவான பணம் யாருடையது என வினவுதல் அரிது. திரைப்படத்தை ஆராயுங்கால் இவ்வினாவை விலக்கல் இயலாது. பாட்டெழுத ஏடும் எழுத்தாணியும் போதும். படமெடுக்கக் கருவியும் சுருளும் பலர் உழைப்பும் வேண்டும். பணம் தந்தவர் விருப்பம் படத்தினுட் புகுதல் இயல்பு. இத்தடையை எதிர்கொண்ட முறையாலேயே கேரளத்து இயக்குநர் ஜான் ஆபிரகாம் தனித்து நிற்கின்றார் என்பது நம் துணிபு.

1937-இல் பிறந்த அவர், ஆயுள் காப்பீட்டுக் கழகப் பணியைத் துறந்து புனே திரைப்பட நிறுவனத்திற் பயின்றார். ஆங்கு ஆசிரியராக விளங்கிய ரித்விக் கட்டக்கின் தாக்கம் அவரிடம் ஆழப் பதிந்தது. 1972 முதல் 1986 வரை அவர் இயக்கிய முழுநீளப் படங்கள் நான்கே. 1987-இல் கோழிக்கோட்டில் மாடியினின்று வீழ்ந்து இறந்தார்.

அவற்றுள் இரண்டாவது தமிழ்ப் படம்: 'அக்கிரகாரத்தில் கழுதை' (1977). கதை வசனம் வெங்கட் சாமிநாதனுடையது. பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன். தாயிழந்த கழுதைக்குட்டியைப் பேராசிரியர் ஒருவர் வளர்க்க, அக்கிரகாரத்தார் அதனைக் கொல்கின்றனர். பின்னர் நற்செயல்கள் நிகழவே, அதற்கே கோயிலெடுக்க முற்படுகின்றனர். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதினை இது பெற்றது. சிலவிடங்களில் நடிப்பு இறுக்கமாயும் படத்தொகுப்பு தளர்ந்தும் காணப்படும். இவற்றையெல்லாம் எளிமையின் அழகு எனப் பாராட்டுதல் பொருந்தாது. வறுமை முழுவதும் வடிவாகிவிடாது.

வறுமை வடிவான இடம் 'அம்ம அறியான்' (1986). ஒடேசா என்னும் குழுவினர் ஊர்தோறும் சென்று, படங்காட்டி, மக்களிடம் சிறுசிறு தொகை திரட்டி இதனை எடுத்தனர். கதையோ, இறந்துபட்ட இளைஞன் ஒருவனின் செய்தியை அவன் தாய்க்கு உரைக்கப் புருசன் என்பான் வயநாட்டிலிருந்து கொச்சிவரை செல்லும் பயணம். வழிநெடுக இறந்தவனின் நண்பர்கள் ஒருவர்பின் ஒருவராக அவனோடு சேர்கின்றனர். புறப்பாடல்களிலும் மகன் களத்திற் பட்ட செய்தி தாயை எய்துவதுண்டு. ஆண்டு அவனது மறமே பேசப்படும். ஈண்டுச் செய்தி கொணர்வோர் தொகை பெருகுதலே பேசப்படுகின்றது. ஊர் ஊராய்ப் பொருள் திரட்டிய முறையும் ஊர் ஊராய் ஆள் திரளும் கதையும் ஒன்றனையொன்று ஒத்திருத்தல் காண்க. முதலாளி ஒருவரின் பணத்தில் இக்கதையை எடுத்திருக்கலாம், இவ்வொப்புமை வாய்த்திராது.

இவர் மறைந்தபின் இவரைச் சூழ்ந்து அடியார் கூட்டம் ஒன்று வளர்ந்தது. குடியும் அலைச்சலும் கையில் காசின்மையும் பற்றிய கதைகள் பெருகின. அக்கதைகளை அறிந்தார் பலர். நான்கு படங்களையும் முழுதும் கண்டார் சிலரே. உயிரோடிருந்த கழுதையைப் பொறாத ஊர் இறந்த கழுதைக்குக் கோயிலெடுக்க முனைந்ததைப் படமாக்கியவருக்கே இது நேர்ந்தது. ஊரூராய்த் திரட்டிய காசைக் கணக்கிட்டுப் படப்பிடிப்பு நடத்தியவர்தம் உழைப்பு, பித்தர் என்னும் புகழால் மறைக்கப்படுகின்றது. அவருடன் உழைத்த பலர் பெயரும் உடன் மறைகின்றன.

ஆகவே, இவரை ஆராயப் புகும் மாணவர் கதைகளை ஒருபுறம் வைத்துப் படங்களை முன்வைத்தல் வேண்டும். எக்குறை பணமின்மையால் நேர்ந்தது, எவ்வமைப்பு அவ்வின்மையைப் பயன்கொண்டது எனக் காட்சிதோறும் பிரித்துணர்தலே அவருக்குச் செய்யத்தக்க சிறப்பாகும்.