அசெம்பிள் பண்ணிப் பாருங்கள்!

கேமிங் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், நான் கேட்கும் முதல் கேள்வி “எஸ்எம்பிஎஸ் என்ன கம்பெனி?” என்பதுதான். பெரும்பாலும் பதில் வராது. கிராபிக்ஸ் கார்டின் பெயரைச் சொல்வார்கள், ப்ராசஸரின் பெயரைச் சொல்வார்கள், கேபினெட்டுக்குள் எத்தனை நிறத்தில் விளக்கு எரியும் என்பதைக்கூடச் சொல்வார்கள். பெட்டிக்குள் இருக்கும் அத்தனைக்கும் மின்சாரம் கொடுக்கிற சாமானின் பெயர் மட்டும் விளம்பரத்திலேயே இருக்காது. பிராண்டட் சிஸ்டமா, அசெம்பிள்டு சிஸ்டமா என்ற பழைய வழக்கில் நான் எந்தக் கட்சி என்பது இதிலேயே தெரிந்திருக்கும். சாமானை நாமே பொறுக்கி, நம் கையாலேயே பூட்டி, சுவிட்சைப் போடுகிற அந்த சந்தோஷம் இருக்கிறதே, அடடா! அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அதை ஊரறியச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2024-ல் என் அக்கா மகன் கல்லூரியில் சேர்ந்தான். அவனுக்கு ஒரு சிஸ்டம் வேண்டும். வேலோரன்ட் ஆட வேண்டும், சைபர்பங்க் 2077 ஆட வேண்டும், பிளெண்டரில் அனிமேஷன் பழக வேண்டும். ஒரு லட்சத்துச் சொச்சம் வரை தருவதாக அக்கா ஒப்புக்கொண்டாள். ஆனால் அவளுக்கு ஒரே பயம். “கம்பெனி சாமான்னா ஒரு போன் போட்டா ஆள் வந்து பாப்பான். நீ பூட்டிக் குடுத்தது கெட்டுப்போனா யாருடா வந்து பாப்பா?” என்றாள். நியாயமான கேள்வி. வாக்குவாதம் செய்யாமல், மாமனும் மருமகனுமாக முதலில் ஷோரூமுக்கே போனோம்.

அங்கே எங்கள் பட்ஜெட்டில் ஒரு ரெடிமேட் பெட்டி இருந்தது. வெளியே பார்க்க ஜம்மென்று இருந்தது. ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு, 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். ராம் ஒரே குச்சி. அந்த 16 ஜிபியையே இரண்டு எட்டாகப் போட்டிருந்தால் ப்ராசஸருக்கும் ராமுக்கும் இடையே இரண்டு வழி திறந்திருக்கும். ஒரே குச்சி என்றால் பாதை பாதியாகிவிடும். வேலோரன்ட் மாதிரி ப்ராசஸரையே நம்பி ஓடும் ஆட்டங்களில் அது ஃப்ரேம் எண்ணிக்கையில் பளிச்சென்று தெரியும். எஸ்எம்பிஎஸ் மீது கம்பெனிப் பெயரே இல்லை. 500 வாட் என்று ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான். போர்டு அவர்களே வடிவமைத்தது. அதன் திருகு ஓட்டைகள்கூட வேறு இடத்தில் இருந்தன.

இந்தக் கடைசி விஷயம்தான் என்னைக் கொதிக்க வைத்தது. 1995-ல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. போர்டில் திருகு எங்கே வரும், எஸ்எம்பிஎஸ் என்ன அகலம், மின்சார முனை எப்படி இருக்கும் என்று எல்லாவற்றுக்கும் பொது அளவு. அன்றைக்கு வகுத்ததுதான் இன்றைக்கும் அடிப்படை. அதனால்தான் ஒரு கம்பெனியின் போர்டை இன்னொரு கம்பெனியின் கேபினெட்டில் போட்டு, மூன்றாவது கம்பெனியின் எஸ்எம்பிஎஸ்ஸைச் சொருக முடிகிறது. எத்தனை பெரிய வசதி இது! சில ரெடிமேட் பெட்டிக்காரர்கள் இந்தப் பொது அளவை விட்டு விலகிச் சொந்த அளவில் செய்கிறார்கள். நான்கு வருடம் கழித்து எஸ்எம்பிஎஸ் போய்விட்டால் அவர்களிடமே போய் நிற்க வேண்டும். புது போர்டு போடலாம் என்றால் பழைய கேபினெட்டில் உட்காராது. வாங்குகிறவனின் அடிமடியில் கை வைக்கிற வேலை இது.

அங்கிருந்து நேராக ரிச்சி தெருவுக்கு வண்டியை விட்டோம்.

அண்ணா சாலையிலிருந்து திரும்பினால் போதும். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு என்று பின்னிக் கிடக்கிற அந்தச் சந்துகளுக்குள் நுழைந்தாலே எனக்குக் கை ஊற ஆரம்பித்துவிடும். ஒரு கடையில் கொட்டேஷன் வாங்கி, அதை அடுத்த கடையில் நீட்டி, அவர் ஒரு வரியை அடித்து இன்னொன்றை எழுதி, “சார், இந்த போர்டுல பயாஸ் ஃப்ளாஷ் பட்டன் இருக்கு, ஐந்நூறு ரூபாதான் ஜாஸ்தி, இதை எடுங்க” என்று சொல்லும்போது கிடைக்கிற பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்தக் கடைக்காரர்கள் தினம் தினம் பெட்டியைத் திறக்கிறவர்கள். எந்த மாடல் திரும்பி வருகிறது, எது வருவதே இல்லை என்பது அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம்.

கடைசியில் எடுத்தது இது: ரைசன் 5 7600 ப்ராசஸர், பி650 போர்டு, 16 ஜிபி குச்சிகள் இரண்டு சேர்ந்த டிடிஆர்5 6000 ராம், ஒரு டெராபைட் எஸ்எஸ்டி, 750 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ், முன்பக்கம் முழுக்க வலை போட்ட கேபினெட், 12 ஜிபி நினைவகம் உள்ள ஆர்எக்ஸ் 7700 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டு. ஷோரூம் பெட்டியில் கார்டின் நினைவகம் 8 ஜிபி. ராமும் எஸ்எஸ்டியும் இதில் இரண்டு மடங்கு. விண்டோஸுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது, அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டேன். அப்படியும் ஷோரூம் விலையை ஒட்டியே நின்றது. கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் எங்கே போனது என்று ஜிஎஸ்டி பில்லில் வரி வரியாக இருந்தது.

வலை போட்ட கேபினெட்டுக்கு நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் சென்னை. மே மாதத்தில் வெளியே நாற்பது டிகிரி அடிக்கும்போது, முன்பக்கம் கண்ணாடியால் அடைத்த பெட்டிக்குள் 245 வாட் இழுக்கிற கார்டு மூச்சுத் திணறிப்போகும். முன்னால் இரண்டு ஃபேன் காற்றை இழுக்க வேண்டும், பின்னால் ஒன்று வெளியே தள்ள வேண்டும். உள்ளே வரும் காற்று, வெளியே போவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் இடுக்கு வழியாகத் தூசி நுழையாது. வருவதெல்லாம் வடிகட்டி வழியாகவே வரும். அதை மாதம் ஒரு முறை கழுவிக் காயவைத்தால் தீர்ந்தது.

இனி, பூட்டிய கதை. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையைக் காலி பண்ணிக்கொண்டோம். நான் எதையும் தொடவில்லை, எல்லாம் பையன் கையால்தான். அந்த பி650 போர்டின் நடுவே இருக்கும் ஏஎம்5 சாக்கெட்டில் 1,718 முனைகள், பொடிப்பொடியாக, வெளிச்சத்தில் பொன் நிறத்தில் மின்னும். ஒன்று வளைந்தாலும் போர்டு போச்சு. மேலே கறுப்பு மூடி. நெம்புகோலை விடுவித்துச் சட்டத்தைத் தூக்கினான். ப்ராசஸரின் ஓரத்தில் இருந்த சின்ன முக்கோணத்தை சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து, இரண்டு விரலால் பிடித்து, மெதுவாக வைத்தான். அழுத்தவே கூடாது, தானாக உட்காரும். சட்டத்தை மூடி நெம்புகோலை இறக்கும்போது நறநறவென்று ஒரு சத்தம் வரும். பையன் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். “அழுத்துடா, அப்படித்தான் சத்தம் வரும்” என்றேன். கறுப்பு மூடி டக்கென்று தெறித்து மேஜையில் விழுந்தது. அவன் முகத்தில் அப்போது வந்த சிரிப்புக்கு எத்தனை ரூபாய் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

கூலர் அந்த ப்ராசஸர் பெட்டியிலேயே வந்தது, பேஸ்ட்டும் அடியில் தடவியே இருந்தது. நான்கு திருகையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ராம் குச்சிகளை ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடத்தில் சொருக வேண்டும். முன்பக்கப் பவர் பட்டனின் பொடி வயர்கள்தான் பொறுமையைச் சோதிக்கும். பவர் எல்இடி வயரில் பிளஸ், மைனஸ் பார்க்க வேண்டும். போர்டு புத்தகத்தின் படத்தை போனில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொருகினோம்.

பட்டனை அழுத்தினான். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே கிடந்தது. போர்டில் டிராம் என்று எழுதிய இடத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. “மாமா, போச்சா?” என்றான். போகவில்லை. டிடிஆர்5 ராமும் ஏஎம்5 போர்டும் முதல் முறை சந்திக்கும்போது ஒன்றை ஒன்று பழகிக்கொள்ள நேரம் எடுக்கும். சில நிமிடங்கள் ஆகும். பயந்துபோய் அணைக்காமல் காத்திருக்க வேண்டும். காத்திருந்தோம். திடீரென்று திரை வெளிச்சமாகி, போர்டு கம்பெனியின் சின்னம் வந்ததும் பையன் குதித்த குதியில் சமையலறையிலிருந்து அக்கா ஓடி வந்துவிட்டாள்.

பயாஸுக்குள் போய் எக்ஸ்போ என்ற ஒரு வரியை ஆன் செய்தோம். 4800-ல் படுத்துக் கிடந்த ராம் 6000-க்கு எழுந்துகொண்டது. காசு கொடுத்து வாங்கிய வேகம், அந்த ஒரு வரியை ஆன் செய்யாவிட்டால் கைக்கு வராது. மானிட்டர் வயரை போர்டில் சொருகாமல் கார்டில் சொருகுவது, விண்டோஸில் மானிட்டரின் ஹெர்ட்ஸை 60-லிருந்து ஏற்றுவது ஆகிய இரண்டையும் அன்றே அவனைச் செய்யச் சொன்னேன். அன்று ராத்திரி சைபர்பங்க் ஆட்டத்து நைட் சிட்டியின் மழையில் நனைந்த தெருக்களில் அவன் வண்டி ஓட்டியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு தடுமாற்றம் இல்லை, ஒரு திக்கல் இல்லை. பெட்டியிலிருந்து சத்தமும் இல்லை.

அசெம்பிள்டு சிஸ்டத்தின் முழு அருமையும் ஆண்டுகள் போகப் போகத்தான் தெரியும். என் சொந்த சிஸ்டமே சாட்சி. 2017-ல் பி350 போர்டில் ரைசன் 5 1600 போட்டேன். ஏஎம்டி 2022-ல் அந்தப் பழைய போர்டுகளுக்கும் ரைசன் 5000 வரிசையைத் திறந்துவிட்டது. 2024 ஜனவரியில் 5700 எக்ஸ்3டி வந்தது. எட்டு கோர், 96 எம்பி எல்3 கேஷ், ஆட்டத்துக்கென்றே பிறந்த ப்ராசஸர். பயாஸை அப்டேட் செய்து அதே போர்டில் அதைச் சொருகினேன். போர்டு மாறவில்லை, ராம் மாறவில்லை, கேபினெட் மாறவில்லை. ஏழு வயதான சிஸ்டம் இளைஞனாகிவிட்டது! கழற்றிய 1600-உம், கூடவே இருந்த ஜிடிஎக்ஸ் 1060 கார்டும் இப்போது என் நண்பரின் டிடிபி சென்டரில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருக்கின்றன. எதுவும் குப்பைக்குப் போகவில்லை. பையனின் ஏஎம்5 சாக்கெட்டுக்கும் 2027-க்கு அப்பாலும் ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. 2024 நவம்பரில் வந்த 9800 எக்ஸ்3டி இப்போதே அவன் போர்டில் உட்காரும். கண் முன்னே நின்று கட்டிய வீட்டில் எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது என்று தெரிவது மாதிரி, எதைக் கழற்றி எதை மாட்டலாம் என்று அவனுக்கு இன்றைக்கே தெரியும்.

அக்காவின் கேள்விக்கும் பதில் உண்டு. ரெடிமேட் பெட்டிக்குப் பெரும்பாலும் ஒரு வருட வாரண்ட்டி, மேலே வேண்டும் என்றால் தனிப் பணம். பாகம் பாகமாக வாங்கும்போது பெட்டியில் வரும் ப்ராசஸருக்கு மூன்று வருடம், கார்டுக்குப் பொதுவாக மூன்று, நல்ல எஸ்எஸ்டிக்கு ஐந்து, நல்ல கோல்டு எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஏழு முதல் பத்து வருடம் வரை. ஆள் வீட்டுக்கு வர மாட்டார், உண்மைதான். ஆனால் கெட்டுப்போன பாகத்தை மட்டும் கழற்றி எடுத்துப் போனால் போதும், முழுப் பெட்டியையும் சர்வீஸ் சென்டரில் விட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. பில்லையும் அட்டைப்பெட்டிகளையும் பரணில் ஏற்றி வைத்திருக்கிறாள் அக்கா, பத்திரமாக.

ரெடிமேட் பெட்டி ஜெயிக்கிற காலமும் உண்டு. கொரோனாவும் கிரிப்டோ மைனிங்கும் சேர்ந்து 2021-ல் கிராபிக்ஸ் கார்டு விலையை எங்கோ கொண்டுபோய் வைத்தபோது, கார்டு வேண்டும் என்பதற்காகவே முழுப் பெட்டி வாங்கியவர்கள் இருந்தார்கள், அவர்கள் செய்தது சரி. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போக, ராம் விலை மறுபடி தலைக்கு மேல் போனது. அந்த மாதிரி சமயத்தில் பழைய விலையில் ராம் வாங்கிப் பூட்டிய பெட்டி கண்ணில் பட்டால் தாராளமாக எடுக்கலாம். ஆனால் அப்போதும் போர்டு, எஸ்எம்பிஎஸ் இரண்டின் மாடல் பெயரையும் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் திரும்பி நடந்துவிடுங்கள்.

கை நடுங்குகிறது, திருப்புளி பிடித்ததே இல்லை என்கிறீர்களா? பட்டியலை நீங்களே போட்டு ரிச்சி தெருக் கடையில் கொடுங்கள். சாமானை அங்கேயே வாங்கினால் சொற்பக் கூலிக்குப் பூட்டித் தருவார்கள். ஆனால் காபி குடிக்கப் போய்விடாதீர்கள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருங்கள், அந்த நெம்புகோலை இறக்கும்போது மட்டும், “அண்ணே, இதை நான் பண்றேன்” என்று கேட்டு வாங்குங்கள். தருவார்கள்.