நடந்த கால்களும் மறந்துபோன கையும்

முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான மின்தூண்டல் பற்றித் தேட ஆரம்பித்தால் சீக்கிரமே நேன் டேவிஸ் கதையில் வந்து நிற்பீர்கள். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து ரைட் ஸ்டேட் பல்கலைக்கழக மாணவி. கார் விபத்தில் இரண்டு கால்களும் செயலிழந்தவர். அங்கே பேராசிரியராக இருந்த ஜெரால்டு பெட்ரோஃப்ஸ்கி, கால் தசைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாக மின்துடிப்பு கொடுத்து 1982 நவம்பரில் அவரைச் சில அடி நடக்க வைத்தார். 1983-ல் பட்டமளிப்பு விழாவுக்கும் அப்படியே நடந்து வந்தார். 1985-ல் சி.பி.எஸ். தொலைக்காட்சி இதைப் படமாகவே எடுத்தது: 'ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்'.

மோசடின்னு சொல்ல வரலை. தசை நிஜமாகவே சுருங்கியது. ஆனா டெமோ காட்டியே பிழைப்பு நடத்துற தொழில்ல இருக்கிறவன் என்பதால், எனக்கு முதலில் கண்ணில் பட்டது பக்கத்தில் தாங்கிப் பிடித்திருந்த ஆட்கள்தான்.

ஏன் அந்த ஆட்கள்? சமநிலையை மின்சாரம் தராது என்பது ஒரு காரணம். இன்னொன்று, களைப்பு. நாம் நிற்கும்போது மூளை தசைநார்களை மாற்றி மாற்றி வேலைக்குக் கூப்பிடுகிறது, சீக்கிரம் களைக்காதவற்றை முதலில். நல்ல லோட் பேலன்சர் மாதிரி. தோலில் ஒட்டிய மின்முனைக்கு அந்த விவரம் தெரியாது. பக்கத்தில் இருக்கும் நரம்பிழைகளை ஒரே சமயத்தில் எழுப்பும். அடுத்த துடிப்பிலும் அதே இழைகளைத்தான். தசை சில நிமிஷத்தில் துவண்டுவிடும். தசைக்குப் போகும் நரம்பே செத்திருந்தால் இந்த முறை பலிக்கவே பலிக்காது. புரொஸசர் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் இந்த பக் போகாது.

அதே ஆய்வில் உருப்படியாகத் தேறியது சைக்கிள். உட்கார்ந்தபடி, மின்துடிப்பில் கால்கள் பெடல் மிதிக்கும். தசை பருக்கும், இதயத்துக்குப் பயிற்சி கிடைக்கும். இன்றைக்கும் மறுவாழ்வு மையங்களில் இருக்கிறது. பார்க்க சுவாரசியமில்லை, அவ்வளவுதான்.

என் உண்மையான வருத்தம் கை பற்றியது. 2004-ல் கிம் ஆண்டர்சன், தண்டுவடக் காயமுள்ள 681 பேரிடம் எது முதலில் திரும்ப வேண்டும் என்று கேட்டார். கை கால் நான்கும் பாதித்தவர்களில் அதிகம் பேர் கேட்டது கையும் விரலும். கால் மட்டும் பாதித்தவர்களிடம் முதலிடம் பாலுறவுச் செயல்பாட்டுக்கு. சிறுநீர், மலக் கட்டுப்பாடு இரண்டு தரப்பிலும் மேலே இருந்தது. வெளியில் இருந்து பார்க்கிற நமக்குத்தான் 'நடப்பாரா?' என்பது முதல் கேள்வி.

இத்தனைக்கும் கைக்கான கருவி அதே ஓஹையோவில், கிளீவ்லாந்தில் தயாராகியிருந்தது. ஹண்டர் பெக்ஹாம் குழுவின் ஃப்ரீஹேண்ட். உடம்புக்குள் பொருத்துவது. தோளை அசைத்தால் எதிர்ப்பக்கக் கை மூடித் திறக்கும்; முள்கரண்டி பிடிக்கலாம், பேனா பிடிக்கலாம். 1997-ல் அமெரிக்க அரசு அனுமதி கிடைத்து, 200 பேருக்கு மேல் பொருத்திக்கொண்டார்கள். 2001-ல் நிறுவனம் விற்பனையை நிறுத்திவிட்டது. லாபம் பத்தலைன்னா சாஃப்ட்வேரையும் நிறுத்துவாங்க. பயனர் வேறொண்ணுக்கு மாறிக்கலாம். நெஞ்சுக்குள் கருவி வைத்தவர் எதுக்கு மாறுவார்?

பெட்ரோஃப்ஸ்கியைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த நடையால் இந்தத் துறைக்குக் கவனம் கிடைத்தது. ஆனா கவனம் காலோடயே நின்னுடுச்சு. கழுத்தின் பின்புறத் தோலில் ஒட்டி, தண்டுவடத்தைத் தூண்டிக் கைக்கு வலு சேர்க்கும் ஆர்க்-இஎக்ஸ் கருவிக்கு அமெரிக்க அனுமதி 2024 டிசம்பரில் கிடைத்தது. ஃப்ரீஹேண்ட் நின்று 23 வருஷம் கழித்து.