கி. ராஜநாராயணனின் ‘கதவு’: அஞ்செட்டிப் பின்னணியில் ஒரு மறுவாசிப்பு

கி. ராஜநாராயணனின் ‘கதவு’ சிறுகதையை வறுமையின் சித்திரம் என்று மட்டும் கூறி அமைதல் போதாது. மழை பொய்த்த கரிசல் நிலத்தில், தீர்வைப் பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவைப் பெயர்த்துச் செல்கின்றனர். குளிர்காற்று தடையின்றிப் புகுந்த அவ்வீட்டில் கைக்குழந்தை இறக்கிறது. விளைச்சலை அழித்தது வறட்சி. குழந்தையின் காப்பை அகற்றியதோ வரி வசூல். பஞ்சத்தை உணவுப் பற்றாக்குறையாக மட்டும் காணாமல், உணவைப் பெறும் உரிமையின் இழப்பாகவும் கண்ட அமர்த்தியா சென்னின் (1981) கருத்தோடு இக்கதை ஒப்பிடத்தக்கது.

கதையில் தந்தை இல்லை. பிழைப்புத் தேடி மணிமுத்தாறு சென்ற அவரிடமிருந்து செய்தியும் இல்லை. இவ்வின்மையே கரிசலின் கதையை அஞ்செட்டிக்கு அண்மையதாக்குகிறது. மழையை நம்பிக் கேழ்வரகு பயிரிடும் அம்மலைப்பகுதியில், மழை தவறினால் ஆடுமாடுகளை விற்பதும், ஓசூருக்கும் பெங்களூருக்கும் கூலிவேலைக்குச் செல்வதுமே உழவர்க்கு எஞ்சும் வழிகள். 2017 சனவரியில் தமிழக அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்து, நிலவரியைத் தள்ளுபடி செய்தது. ‘கதவு’ காட்டிய கொடுமைக்கு இது காலந்தாழ்ந்த விடை எனலாம். ஆயினும் இன்று உழவரை அழுத்துவது நிலவரி அன்று. அடகு நகையின் வட்டியும் கைமாற்றுக் கடனுமே. 2016 நவம்பர்ப் பணமதிப்பிழப்பு, வறட்சி நிலவிய அதே பருவத்தில் கைக்காசையும் அரிதாக்கியது.

எனவே வறட்சி சார்ந்த புனைவுகளை ஆராய்வோர், மழையின்மையோடு வரி, கடன், இடப்பெயர்வு ஆகியவற்றையும் இணைத்து நோக்குதல் வேண்டும். அன்றேல் மனிதர் இழைத்த இழப்பும் வானத்தின் கணக்கிலேயே எழுதப்பட்டுவிடும்.