மைக்ரோவேவில் வெந்நீர்: மீட்டர் காட்டிய கணக்கு

தொட்டி கிடையாது, காயில் கிடையாது. குழாயைத் திறந்ததும் மைக்ரோவேவ் அலை தண்ணீரைச் சூடாக்கித் தரும், கரண்ட் பில்லும் பாதியாகும். இப்படியொரு கீசரைப் பற்றிய பேச்சு சில வருடங்களுக்கு ஒருமுறை கிளம்புகிறது. 2007-இல் அமெரிக்காவில் ‘வல்கனஸ் எம்கே4’ என்ற பெயரில் ஒன்றை அறிவித்தார்கள். பிறகு பிரிட்டனில் ‘ஹீட் வேவ்’ நிறுவனம் வீட்டுக்கான மைக்ரோவேவ் பாய்லரில் இறங்கியது. நம் ஊர்க் கடைகளில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் அதற்குள் வேலை செய்ய வேண்டிய, மைக்ரோவேவ் அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் நம் சமையலறை அவனிலேயே இருக்கிறது. அதனால் வீட்டு மைக்ரோவேவ் அவனையும், குளியலறையில் உள்ள 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசரையும் பிளக் மீட்டரில் மாட்டி அளந்து பார்த்தேன்.

தண்ணீரின் கணக்கு எளிது. 1 லிட்டரை 40 டிகிரி உயர்த்த 0.0465 யூனிட் போதும். மின்சாரத்தையே வெப்பமாக மாற்றும் எந்த வழியிலும் இதற்குக் கீழே போக முடியாது. 28 டிகிரியில் இருந்த 1 லிட்டர் தண்ணீரை அகலமான கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி அவனில் வைத்தேன். வெளியீடு 800 வாட் என்று எழுதியிருக்கும் இயந்திரம் சுவரிலிருந்து ஏறக்குறைய 1,350 வாட் இழுத்தது. தண்ணீர் 68 டிகிரியைத் தொட நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆயிற்று. மீட்டரில் 0.083 யூனிட். கொடுத்த மின்சாரத்தில் 56 சதவீதம்தான் தண்ணீருக்குள் போயிருக்கிறது.

மீதி எங்கே போனது? கணிசமான பங்கை மேக்னட்ரானே சூடாகித் தின்றுவிடுகிறது. அதற்கு வேண்டிய 4,000 வோல்ட் அளவிலான அழுத்தத்தை உண்டாக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறது. ஃபேன், தட்டைச் சுழற்றும் மோட்டார், விளக்கு எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம். அவனின் பின்பக்கத்தில் கையை நீட்டினால் வெளியேறும் வெப்பக் காற்று தெரியும். நாம் காசு கொடுத்து வாங்கிய மின்சாரம் அது.

கீசரில் வெந்நீர் வரத் தொடங்கியதும் 15 லிட்டர் வாளியை வைத்தேன். 6 நிமிடத்தில் நிறைந்தது, 44 டிகிரி, மீட்டரில் 0.3 யூனிட். தண்ணீருக்குப் போனது 93 சதவீதம். இதே வாளியை மைக்ரோவேவ் வழியில் நிரப்பினால் அரை யூனிட் ஆகும். நாலு பேர் தினமும் ஆளுக்கு ஒரு வாளி குளிக்கும் வீட்டில் இரண்டு மாத பில்லுக்கு 72 யூனிட்டா, 120 யூனிட்டா என்பதுதான் வித்தியாசம். தமிழ்நாட்டில் இரண்டு மாத நுகர்வு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். விளிம்பில் நிற்கும் குடும்பத்துக்கு இந்த 48 யூனிட் சின்ன விஷயமில்லை.

மின்சாரம் காயிலில் பாயும்போது முழுக்க வெப்பமாகத்தான் மாறுகிறது. காயில் தண்ணீருக்குள் மூழ்கியிருப்பதால் அந்த வெப்பம் போக வேறு இடமும் இல்லை. ஏற்கெனவே நூற்றை நெருங்கி நிற்கும் பொருளை எந்த அலையும் பாதிச் செலவில் முந்த முடியாது.

மைக்ரோவேவ் பக்கம் நியாயமாகச் சொல்ல வேண்டியவையும் உண்டு. ரேதியான் நிறுவனத்தின் பெர்சி ஸ்பென்சர் கண்டுபிடிப்பிலிருந்து 1947-இல் வந்த முதல் ‘ரேடாரேஞ்ச்’ அவனில் மேக்னட்ரானைக் குளிர்விக்கத் தண்ணீரைத்தான் ஓடவிட்டார்கள். கீசரிலும் உள்ளே வரும் பச்சைத் தண்ணீரை முதலில் மேக்னட்ரானைச் சுற்றி ஓடவிட்டால் வீணாகும் வெப்பத்தில் பெரும்பங்கை மீட்கலாம். புத்திசாலித்தனமான அமைப்புதான். ஆனால் அத்தனை பாடுபட்டும் அது வந்து சேரும் இடம், சாதாரணக் காயில் இன்றைக்கே நிற்கும் இடம்.

உப்புத் தண்ணீர் விஷயத்தில்தான் எனக்கு இந்தத் தொழில்நுட்பத்தின் மேல் உண்மையான ஆசை. போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் கீசர் காயிலைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சுண்ணாம்பு எவ்வளவு தடிமனாகப் படிந்திருக்கும் என்று. படிவு ஏற ஏற உள்ளேயிருக்கும் கம்பி அதிகமாகச் சூடாகி ஒரு நாள் அறுந்துபோகும். மைக்ரோவேவில் கண்ணாடி அல்லது செராமிக் குழாய்க்குள் ஓடும் தண்ணீர் நேராகச் சூடாகிறது. கொதிக்கும் உலோகப் பரப்பு இல்லாததால் படிவு குறையும். இந்த ஒரு காரணத்துக்காக யாராவது இதைச் செய்தால் வரவேற்பேன். ‘மிச்சம்’ என்று சொல்லி விற்றால்தான் மறுக்கிறேன்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். நம் வீட்டு 16 ஆம்பியர் பாயின்ட் தாங்குவது ஏறத்தாழ 3.7 கிலோவாட். அவனின் அளவீட்டை வைத்துப் பார்த்தால், தண்ணீருக்குள் 3 கிலோவாட் போய்ச் சேர மைக்ரோவேவ் கீசர் சுவரிலிருந்து 5.4 கிலோவாட், அதாவது 23 ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தனி வயரிங் வேண்டும். குழாயில் தண்ணீர் நின்றுபோனால் உறிஞ்ச ஆளில்லாத அலை மேக்னட்ரானுக்கே திரும்பி அதைக் கெடுக்கும். மேல்தொட்டி காலியாவது நம் ஊரில் அபூர்வமில்லை. இத்தனைக்கும் மேல், ஈரமான குளியலறைச் சுவரில் 4,000 வோல்ட். பூட்டும் காப்பும் பிசகாமல் செய்ய முடியும்தான், ஆனால் விலை ஏறும்.

இனி, தொட்டியில்லாத கீசரால் வரும் மிச்சம். அது மெய். பெரிய தொட்டியில் வெந்நீரை வைத்துக்கொண்டு நாள்முழுக்கச் சூடு ஆறவிடுவது இதில் இல்லை. தொட்டி கீசர்களுக்கு ஒட்டும், மின்சிக்கனத்தைக் காட்டும் பிஇஇ நட்சத்திரமே இந்த ஆறும் சூட்டை அளந்து தருவதுதான். நம் இன்ஸ்டன்ட் கீசரிலும் 3 லிட்டர் உள்ளே தங்குகிறது. குளித்து முடிந்ததும் அந்தச் சூடு வீண். வாளி நிறைவதற்குச் சற்று முன்பே சுவிட்சை அணைத்துவிட்டால் அதையும் எடுத்துக்கொள்ளலாம். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

3 கிலோவாட் கீசரின் எல்லையையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடினால் 43 டிகிரி உயர்த்தும், 2 லிட்டர் ஓடினால் அதில் பாதி. சென்னையில் 28 டிகிரியில் வரும் தண்ணீருக்கு இது தாராளம். ஊட்டியின் குளிர்காலக் காலையில் தண்ணீர் 12 டிகிரியில் வந்தால், 40 டிகிரியில் வேண்டுபவருக்கு நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்தான் கிடைக்கும். ஷவரில் குளிக்க அது காணாது. அங்கே தொட்டி கீசரே சரி.

கரண்ட் செலவை உண்மையிலேயே பாதிக்கும் கீழே கொண்டுவர வேண்டுமானால் வழி வேறு. சுற்றுக்காற்றிலிருந்து சூட்டை இழுத்துத் தரும் ஹீட் பம்ப், 1 யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 3 யூனிட் வெப்பம் தரும். விலையும் இடமும் அதிகம் கேட்கும், அதனால் பெரிய குடும்பத்துக்கும் விடுதிக்கும் பொருந்தும். மொட்டைமாடி சொந்தமாக இருப்பவர்களுக்குச் சோலார் கீசரைவிட மலிவான வெந்நீர் இல்லை.

சமவெளியில், சிறிய குடும்பத்தில் இருப்பவருக்கு என் பரிந்துரை: ஐஎஸ்ஐ முத்திரை உள்ள 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர், சரியான எர்த், மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. மைக்ரோவேவ் கீசர் என்று யாராவது கொண்டுவந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சுவரிலிருந்து எத்தனை வாட் எடுக்கிறது, நிமிடத்துக்கு எத்தனை லிட்டரை எத்தனை டிகிரி உயர்த்துகிறது? பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு பணத்தை எடுங்கள்.