மன்றத்தில் ஒரு மலைத்தொகுதி

நாடாளுமன்றத்தைச் சட்டம் இயற்றும் இடமாகவே பாடநூல்கள் அறிமுகப்படுத்துகின்றன. ஆட்சியாளரை வினவும் இடம் அது என்பது பெரிதும் மறக்கப்படுகிறது. 1955-இல் மலாயாக் கூட்டரசின் சட்டமன்றத்தில் 98 இடங்களுள் 52-க்கே தேர்தல் நடந்தது. 1959-இல் 104 உறுப்பினருடன் மக்களவை கூடியது. 1969 மே முதல் 1971 பிப்ரவரி வரை முடங்கியும் கிடந்தது. இன்று அதன் உறுப்பினர் 222 பேர். எண்ணிக்கைப் பெருக்கத்தை வளர்ச்சியெனக் கொள்ளலாமா?

லெம்பா பெர்த்தாம் இங்கு நோக்கற்பாலது. தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த கேமரன் மலை 2004 பொதுத்தேர்தலில்தான் தனித் தொகுதியாக வாக்களித்தது. 2013 அக்டோபர் 23, நள்ளிரவுக்குப் பின், சுல்தான் அபு பக்கர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் இப்பள்ளத்தாக்கின் குடியிருப்புகளுள் புகுந்து உயிர்களைக் கொண்டது. அப்போது தொகுதி உறுப்பினர் ஜி. பழனிவேல், இயற்கைவள, சுற்றுச்சூழல் அமைச்சரும் அவரே. அமைச்சரையே பெற்ற தொகுதி பேறுடையது என்று தோன்றுவது இயல்புதான். ஆயின் வெஸ்ட்மின்ஸ்டர் மரபில் அமைச்சர் விடையளிப்பவர். கேள்வி நேரத்தில் சக அமைச்சரை வினவுபவர் அல்லர். அணையோ மின்னுற்பத்திக்குரியது, எரிசக்தி வேறோர் அமைச்சின் பொறுப்பு. ஆகவே, இம்மக்களுக்காக அவையில் வினவும் கடமை, இவர்தம் வாக்கை நாடாத பிற தொகுதி உறுப்பினரைச் சென்றடைகிறது.

2019 இடைத்தேர்தலில் வென்ற ரம்லி முகமட் நோர், மக்களவையின் முதல் ஓராங் அஸ்லி உறுப்பினர். காலந்தாழ்ந்து வந்த பெருமை அது. 2022 டிசம்பரில் அவர் துணைச் சபாநாயகரானார். தலைமை இருக்கையில் அமரும் நேரங்களில் அவரும் விவாதத்தில் பேச இயலாதவரே.