மூச்சுள்ள எக்காளம்

1862-இல் அமைந்த ‘டாப்ஸ்’ 24 சுரங்களே கொண்டது. அமெரிக்கப் படைவீரரின் நல்லடக்கத்தில் பியூகிளில் ஊதப்படுவது. ஊதுவோர் அருகியபோது, குழலுக்குள் பொருத்திய கருவி பிசிறின்றி ஒலிக்க, வீரர் ஊதுவதுபோல் நிற்கும் வழக்கம் 2003 முதல் புகுந்தது. டாம் டே 2000-இல் தொடங்கிய ‘பியூகிள்ஸ் அக்ராஸ் அமெரிக்கா’வின் தன்னார்வலரோ, தாமே சென்று ஊதுகின்றனர்.

எது சிறந்த இசை? 1963-இல் கென்னடியின் அடக்கத்தில் கீத் கிளார்க் ஊதிய ஆறாம் சுரம் உடைந்தது. கேட்டோர் பலர் அதைத் தேம்பலாகவே உணர்ந்தனர். பிழையற்ற பதிவுக்கு அந்த விம்மல் வாய்க்காது.

செஞ்சிப் பக்கத்துச் சாவுமேளம் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று. பறைக்கு ஒரு கை வேண்டும். எக்காளத்திற்கு ஒரு மூச்சு வேண்டும். இறுதி மரியாதையில் பிசிறு இருக்கலாம்; பாவனை இருத்தலாகாது.